மூன்றாவது அழைப்பு

2007ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலையில் தொடங்கிய தூறல் இன்னும் நிற்கவில்லை. குடை பிடித்தாலும் பயனில்லை, பிடிக்காவிட்டாலும் பெரிதாக நனைந்துவிடுவதில்லை என்னும் வகையைச் சேர்ந்த அந்தப் பெங்களூர்த் தூறல், லிங்கராஜபுரத்துக் கூரைகளின்மேல் ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் குளிர் இருந்தது. கொடியில் மூன்று நாட்களாகத் தொங்கிய துணிகள் காயாமலே நாற்றம் பிடிக்கத் தொடங்கியிருந்தன.

வெங்கடசாமிக்குச் சொந்தமான வட்டாரத்தில் வீடுகள் ஐந்து. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் இத்தகைய வீடுகளைத்தான் பெங்களூரில் வட்டாரம் என்பார்கள். நான்கு வீடுகளில் குடியிருந்தவர்கள் தீபாவளிக்கு முன்பே காலி செய்துவிட்டார்கள். அவற்றின் கதவுகளையும் சன்னல்களையும் பழைய மரச் சாமான் வாங்குபவன் கழற்றி வண்டியில் ஏற்றிப் போய்விட்டான். தெருவில் நடந்து வருபவர் கண்ணுக்கு, நான்கு இருண்ட வாசல்களைத் தாண்டியபின் ஐந்தாவதாக ஒரு நீலக் கதவு மட்டும் தென்படும். அந்தக் கதவுக்குள் முனிகிருஷ்ணன், அவன் மனைவி விஜி, கணவனை இழந்த அவன் தாய் வள்ளியம்மா ஆகிய மூவர் வாழ்ந்துவந்தனர்.

அவர்களும் இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் வெளியேற வேண்டும். மனையை அடுக்குமாடி கட்டுபவர் ஒருவருக்கு வெங்கடசாமி விற்றுவிட்டார். வெங்கடசாமி கெட்டவர் அல்லர். ஆறு மாதத் தவணை கொடுத்திருந்தார். அன்று காலையிலும் குடையை மடக்கிக்கொண்டு வந்து, வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி, கன்னடத்தையும் தமிழையும் கலந்து வள்ளியம்மாவிடம் மன்றாடிப் பார்த்தார். பாயைச் சுருட்டுவது அத்தனை கடினமா, உன்னால் என் பெயர் கெடுகிறது என்று அவர் சொல்ல, முப்பத்திரண்டு வருடம் வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் விஜி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

புதிய வீடு சந்தாபுராவில் பார்த்து வைத்திருந்தார்கள். இந்நகரத்தில் வீடு மாறுவதென்றால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். விஜி தன் தாலிக்கொடியை அடகு வைத்து அதனைக் கட்டியிருந்தாள். டிசம்பர் முதல் தேதிக்குள் குடி புகாவிட்டால் அந்த வீட்டுக்காரன் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவான். முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வதாகத் தாளில் எழுதி வாங்கியிருந்தான். விஜியின் தையல் ஆலைக்குச் சந்தாபுரா அருகில் இருந்தது. முனிகிருஷ்ணன் வேலை பார்க்கும் பீன்யாவுக்கோ அங்கிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். அவன் அதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. வள்ளியம்மா மட்டும் வர மறுத்தாள்.

காரணம் அனைவருக்கும் தெரிந்ததே. அவளுடைய இளைய மகன் சீனு, 1991ஆம் ஆண்டு டிசம்பரில், நதிநீர்த் தகராற்றால் தமிழர்கள் தாக்கப்பட்டு இந்நகரம் பற்றியெரிந்த நாட்களில், பீன்யாவில் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. மருத்துவமனைகளிலும் காவல் நிலையத்திலும் அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஓடியவர்களுள் அவனும் இருக்கலாம் என்றார்கள். தாயும் மூத்த மகனும் போய்ச் சத்திரம் சத்திரமாகத் தேடினார்கள். ஓடியவர்களுள் பலர் பொங்கலுக்குள் திரும்பி வந்தார்கள். சீனு வரவில்லை.

அன்றுமுதல் வள்ளியம்மா பகலில் கதவைத் தாழிட்டதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்கு வண்ணம் பூசச் செய்வாள். ஒவ்வொரு முறையும் பழைய டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அதே நீலத்தைத்தான் வாங்கி வருவாள். வேறு நிறம் பூசினால் பையன் குழம்பிப் போவான் என்பாள். வீட்டை மாற்றுவோம் என்று யார் சொன்னாலும் அவளுடைய பதில் ஒன்றே: "அவன் இங்கதானே வருவான். இந்த வாசல விட்டா அவனுக்கு வேற இன்னா தெரியும்?"

முனிகிருஷ்ணனுக்கும் கதவோடு ஒரு தொடர்பு உண்டு. யார் வந்து தட்டினாலும் முதல் தட்டலிலேயே எழுந்து திறந்துவிடுவான். எரிவாயு உருளை கொண்டுவருபவன், கேபிள்காரன், ஊதுவத்தி விற்பவன் எவராயினும் சரி. உணவில் கை வைத்திருந்தால் எச்சில் கையோடு எழுவான். இவர் கதவைத் தட்டுவதற்கு முன்பே திறப்பார், இன்னும் கொஞ்ச நாள் போனால் வருகிறவன் வீட்டுக்கே போய்க் கூட்டி வருவார் என்று விஜி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவனும் சிரிப்பான். இரவில் கதவுக்கு முதுகு காட்டி அவன் படுப்பதில்லை என்பதை அவள் கவனித்திருந்தாளா என்பது தெரியாது.

சீனு வேலை பார்த்த அதே பட்டறையில்தான் முனிகிருஷ்ணன் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்தான். தம்பி ஒருநாள் அங்கே வந்து நின்றால் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று தாய் கேட்டுக்கொண்டதால் சேர்ந்தான். கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் இரும்பு உருளைகளை அளவுகோலில் வைத்து, நூலிழை கூடினாலும் குறைந்தாலும் தள்ளிவைப்பது அவன் பணி. பெரிய ஆலைகள் வேலையை வேறெங்கோ கொடுக்கத் தொடங்கியபின் பட்டறையில் வாரத்துக்கு நான்கு நாட்களே வேலை இருந்தது.

அந்த வெற்று நாட்களில்தான் அவன் எழுதத் தொடங்கினான்.

அவன் படித்தது கன்னடப் பள்ளியில். தமிழ் அவன் வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. முப்பத்தைந்தாம் வயதில், உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பதுபோல் நடித்து அகப்பட்டுக்கொண்டான். அடுத்த வாரமே சிவாஜிநகரின் பழைய புத்தகக் கடையில் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை வாங்கினான். மூன்றே ஆண்டுகளில் பத்தாம் வகுப்பை எட்டினான். பேருந்தில் நின்றுகொண்டே செய்யுளை முணுமுணுப்பான். அவன் அறிந்த எழுத்துத் தமிழ் முழுவதும் பாடநூலிலிருந்து வந்தது. ஆகவே தக்காளி விலையைப் பற்றி எழுதினாலும் அது பாடம் போலவே அமைந்தது.

பேக்கரிக்கு அடுத்த கடையில் நான்கு கணினிகளை வைத்து இணைய மையம் நடத்தி வந்த சிரில்தான் அவனுக்கு வலைப்பூ ஒன்றைத் தொடங்கிக் கொடுத்தவன். சிரில் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் கோலார் தங்கவயலிலிருந்து இங்கு வந்தவன். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசகம் படிப்பவன் ஆதலால் தமிழ் நன்றாக வரும். 'கண்டதும் கேட்டதும்' என்று பெயரிட்டார்கள். எழுதுபவர்: லிங்கராஜபுரத்தான்.

முதலில் எரிவாயு உருளைக்குப் பதிவு செய்து நாற்பது நாட்கள் காத்திருந்ததை எழுதினான். பிறகு தண்ணீர் லாரி வரும் நேரத்துக்காக விஜி ஆலைக்கு விடுப்பு எடுத்ததை எழுதினான். நான்காவது கட்டுரையில், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்று நொந்துகொண்டான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் அதன்கீழ்க் கேட்டிருந்தார்: உங்கள் ஊரில் பேயிடமும் இதையேதான் சொல்வார்களாமே, உண்மையா?

அந்தக் கேள்வியைப் படித்தபின் முனிகிருஷ்ணன் இரண்டு நாள் இணைய மையத்தின் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போய் உட்கார்ந்தான். ஒரே அமர்வில் எழுதி முடித்தான். அவனுக்கு அச்சம் இல்லை. விஜியும் கன்னடத்தில் படித்தவள். வள்ளியம்மா பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை. அந்த வீட்டில் தமிழ் எழுத்து என்பது அவன் ஒருவனுக்கு மட்டும் சாவி உள்ள அறை.

கட்டுரை வெளியானது. நான்கு நாட்களில் முப்பத்தொரு பேர் பாராட்டி எழுதினார்கள். துபாயில் இருந்த ஒருவர், படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை, உங்கள் நடையில் ஒரு நிமிர்வு இருக்கிறது என்றார். முனிகிருஷ்ணன் அந்த வரியை மனப்பாடம் செய்தான். பட்டறையில் உருளைகளை அளக்கும்போதும் அது வாயில் வந்தது. அதனைச் சொல்லும்போதெல்லாம், கட்டுரையில் தான் மாற்றி எழுதிய ஓர் எண்ணும் நினைவுக்கு வந்தது. பிழையான உருளையைத் தள்ளிவைக்கப் பழகிய கை, அதனை மட்டும் தள்ளிவைக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குச் சிரில் வந்தான். ஒரு கையில் தேங்காய் பன் பொட்டலம், மறு கையில் நெகிழி உறையில் போட்ட இரண்டு தாள்கள். முனிகிருஷ்ணன் வழக்கம்போல் முதல் தட்டலிலேயே கதவைத் திறந்துவிட்டான்.

வள்ளியம்மா தரையில் கால் நீட்டி அமர்ந்து, ஊறவைத்த அவரைக் கொட்டைகளைப் பிதுக்கித் தோல் நீக்கிக்கொண்டிருந்தாள். அது அவரைப் பருவம். ஆட்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் வைத்து அவள் ஓர் அழுத்து அழுத்தினால், பருப்பு தனியே துள்ளித் தட்டில் விழும். அறை முழுவதும் அதன் பச்சை மணம் நிறைந்திருந்தது. விஜி சுவரோரத்தில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் வரட்டும், வராமல் போகட்டும், பெட்டி தயாராக இருக்கட்டும் என்பது அவளுடைய முடிவு.

சிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "உங்க புள்ள எம்மாம் பெரிய ஆளுன்னு உங்களுக்குத் தெரியாது, வள்ளிம்மா. துபாய், சிங்கப்பூரு எல்லாம் இவனத்தான் படிக்குது. நீங்க மட்டும் கேக்காம இருந்தா எப்படி?"

"இன்னாத்த எழுதறான்? கேஸு வரலன்னுதானே?"

"இது வேற. கேளுங்க."

வேண்டாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று முனிகிருஷ்ணன் சொல்லிப் பார்த்தான். சிரில் அதை அடக்கம் என்று எண்ணிக்கொண்டான். தாளை உறையிலிருந்து எடுத்தான், தொண்டையைச் சரிசெய்துகொண்டான், தேவாலயத்தில் வாசகம் படிக்கும் அதே குரலில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் படிக்கத் தொடங்கினான்.

"எம் நகரில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. அந்தி சாய்ந்தபின் ஒரு பேய் வீடு வீடாகச் செல்லும் என்று மக்கள் நம்பினர். அது வீட்டாருள் ஒருவரது குரலில் அழைக்கும். கதவைத் திறந்தவர் மறுநாள் மாண்டுபோவார். ஆதலின் மக்கள் தத்தம் கதவுகளில் 'நாளை வா' என்று கன்னடத்தில் எழுதிவைத்தனர். பேய் அதனைப் படித்துத் திரும்பிச் செல்லும். மறுநாள் வந்து மீண்டும் அதனையே படிக்கும். எனினும் பேய்க்கு ஒருவரை மூன்று முறை அழைக்கும் ஆற்றல் இல்லை. ஆகவே, மூன்றாம் முறை அழைப்பவர் மனிதரே என்றறிந்து கதவைத் திறக்கலாம்."

வள்ளியம்மா தலையசைத்தாள். சீனு போன அந்த வருடம் தெருவெங்கும் அப்படி எழுதிவைத்தார்கள் என்றும், வெங்கடசாமியின் மனைவி சுண்ணாம்பில் எழுதி அதன்மேல் மஞ்சளும் பூசினாள் என்றும் சொன்னாள். தான் அப்போது நர்சிங் ஹோமில் ஆயா வேலையில் இருந்தமையால் தன் வீட்டுக் கதவில் எழுத நேரம் இருக்கவில்லை என்றாள். பருப்பு துள்ளித் துள்ளி விழுந்துகொண்டிருந்தது.

சிரில் தாளைத் திருப்பினான். "ஒரு டிசம்பர்த் திங்களில், நகரெங்கும் ஊரடங்கு நிலவிய நாளொன்றில், ஓர் இளைஞன் வேலையிடத்திலிருந்து கால்நடையாகவே தன் இல்லம் வந்து சேர்ந்தான். வாசற்படியில் தன் செருப்பை இரண்டு முறை தேய்த்தான்."

பருப்பு விழும் ஓசை நின்றது. சிரில் அதைக் கவனிக்கவில்லை.

"'அண்ணா' என்று அழைத்தான். உள்ளே தனித்திருந்த தமையன், வழக்கத்தை எண்ணி வாளாவிருந்தான். இளைஞன் இரண்டாம் முறையும் அழைத்தான். தமையன் மூன்றாவது அழைப்புக்காகக் காத்திருந்தான். அந்தோ, அது வரவேயில்லை. வாசகர்களே, ஒரு மூடநம்பிக்கை ஒரு குடும்பத்தின் விளக்கை எவ்வாறு அணைத்துவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்."

படித்து முடித்துவிட்டுச் சிரில் நிமிர்ந்தான். இறுதி வரி எப்படி என்று விஜியைக் கேட்டான். விஜி கையிலிருந்த குவளையைச் சுற்றாமல் வைத்திருந்தாள். அவளுக்குச் சீனுவைத் தெரியாது. ஆனால் மாமியாரின் முகம் தெரியும்.

"நல்லா படிச்ச, சிரிலு" என்றாள் வள்ளியம்மா. "மணியடிச்ச மாதிரி குரலு. தூறல் பெருசாவறதுக்குள்ள கடைக்குப் போ."

அவன் போனான். தாள்கள் நாற்காலியின்மேல் கிடந்தன. வள்ளியம்மா தட்டிலிருந்த தோல்களை ஒருபுறமாகக் கூட்டினாள்.

"செருப்ப ரெண்டு வாட்டி தேச்சான்னு எழுதிகீற."

முனிகிருஷ்ணன் நாற்காலியிலிருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தான்.

"எங்க வூட்ல அப்படித் தேய்க்கறது ஒருத்தன்தான். வூட்டுக்குள்ள மண்ணு வருதுன்னு நான் அடிச்சு அடிச்சுப் பழக்கினது." அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கி நீ தனியா இருந்த. நான் டூட்டில மாட்டிக்கினேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து கேட்டேன், சீனு வந்தானான்னு. வரலன்னு சொன்ன."

"ஆமாம்மா."

"ரெண்டு வாட்டிதான் கூப்ட்டானா?"

பதினாறு ஆண்டுகளாக அவன் அஞ்சிக்கொண்டிருந்த கேள்வி இதுவன்று. வந்தானா என்ற கேள்விக்குத்தான் அவன் அஞ்சியிருந்தான். எத்தனை முறை என்று ஒருவர் கேட்பார் என அவன் எண்ணியதேயில்லை. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இரண்டு என்றால் அது பேய்க்குப் பயந்த பேதைமை. ஊரே மன்னிக்கும், முப்பத்தொரு பேர் ஏற்கெனவே மன்னித்துவிட்டார்கள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. நீலக் கதவைப் பார்த்தான். அது சாத்தியிருந்தது.

"மூணு" என்றான்.

விஜி மெல்ல எழுந்து அடுப்படியின் நிலைப்படியில் போய் நின்றாள்.

"மூணாவது வாட்டி மன்சன்னு தெரிஞ்சுதா?"

"மொத வாட்டியே தெரிஞ்சுதும்மா. கூப்புடறதுக்கு முன்னாடியே, செருப்பு தேச்சப்பவே தெரிஞ்சுபோச்சு." அவன் தரையில் உட்கார்ந்தான். "பேய்க்கு நான் பயப்படலம்மா. கரண்ட் இல்ல. தெருமுனையில ஆளுங்க சத்தம் கேட்டுது. அவன் பின்னாடியே வராங்களோன்னு இருந்துச்சு. தொறந்தா இதான் வூடுன்னு தெரிஞ்சுபோயிடும். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா அவனே எங்கியாவது போய் ஒளிஞ்சுக்குவான்னு நெனச்சேன்."

"ஆளுங்க வந்தாங்களா?"

"இல்ல. அந்தச் சத்தம் மெயின் ரோட்டோட போயிடுச்சு. வெங்கடசாமி சேரைப் போட்டுக்கினு முனையில உக்காந்திருந்தாராம், யாரையும் உள்ள வுடக் கூடாதுன்னு. அது எனக்கு மறுநாள்தான் தெரியும். சீனு பின்சந்து வழியா வந்து போயிருக்கணும், அவர் பாக்கல."

மழைநீர் ஓட்டின் விளிம்பிலிருந்து சொட்டும் ஓசை கேட்டது. வள்ளியம்மா தன் வலக்கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைத் தோலின் பசுமை நகக்கண்ணில் படிந்திருந்தது.

"நம்ம கதவுல எழுதியிருந்துச்சா?"

"அன்னிக்கிக் காலைலதான் எழுதினேன். சாக்பீஸ்ல. எல்லா வூட்லயும் இருந்துச்சு. நம்ம வூட்ல இல்லன்னா தனியாத் தெரியுமேன்னு. கன்னடத்துல இருந்தா நல்லதுன்னும் நெனச்சேன். விடிஞ்சதும் ஈரத்துணி போட்டுத் தொடச்சுட்டேன்."

"சீனு அத படிச்சானா?"

கட்டுரை எழுத உட்கார்ந்தபோது இந்த இடத்தில்தான் அவனுடைய விரல்கள் நின்றன. அங்கிருந்துதான் மூன்று என்பது இரண்டு ஆயிற்று.

"ரெண்டாவது வாட்டி கூப்ட்டப்புறம் தீக்குச்சி கிழிச்சான். கதவிடுக்குல வெளிச்சம் வந்துச்சு. அணைஞ்சுது. இன்னொண்ணு கிழிச்சான். அப்பறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் சத்தமில்ல. அப்பறம்தான் மூணாவது வாட்டி கூப்ட்டான். மெதுவா, கதவுகிட்ட வாய வெச்சு."

"இன்னான்னு?"

"'அண்ணா, நாளிக்கு வரட்டா'ன்னு."

அடுப்படியில் விஜி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வள்ளியம்மா அழவில்லை. சுவரில் சாய்ந்தாள். அவள் உதடுகள் அந்த மூன்று சொற்களையும் ஒருமுறை ஓசையின்றிச் சொல்லிப் பார்த்ததை முனிகிருஷ்ணன் கண்டான்.

"எவ்ளோ நேரம் நின்னுகினு இருந்தான்?"

"ஏழு பத்துக்கு வந்தான். ஏழு இருபத்தொண்ணுக்குப் போயிட்டான். அப்பாவோட வாட்ச்சு கையில இருந்துச்சு. ரேடியம் முள்ளு மட்டுந்தான் இருட்டுல தெரிஞ்சுது. அதையே பாத்துகினு இருந்தேன்."

"பதினோரு நிமிஷம்."

"ஆமாம்மா."

அவள் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். அவரைத் தட்டைத் தூக்கி விஜியிடம் கொடுத்து, பருப்பை இன்றைக்கே குழம்பு வைத்துவிடு, இருந்தால் கெட்டுவிடும் என்றாள். பிறகு கதவைத் திறந்து, வாசலில் கிடந்த தன் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"நீ உள்ள இரு. கதவ சாத்திக்க. தாப்பாளும் போடு."

"அம்மா, மழ பேயுது."

"அவன் இன்னா கொட வெச்சிகினா நின்னான்? பதினோரு நிமிஷம்னா எத்தினின்னு எனக்குத் தெரியணும். ஆவற வரைக்கும் தொறக்காத. நான் கூப்ட்டாலும் தொறக்காத."

அவன் விஜியைப் பார்த்தான். விஜி கண்ணால், சொன்னதைச் செய் என்றாள். அவன் கதவைச் சாத்தினான். பகல் வெளிச்சத்தில் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டு ஆண்டுகள் பலவாயிற்று. மழை ஈரத்தில் இறுகிக் கிடந்ததை உள்ளங்கையால் தள்ளித் தள்ளிப் போட்டான். சுவர்க் கடிகாரத்தை இன்னும் பெட்டியில் வைத்திருக்கவில்லை. அதில் மணி நான்கு இருபத்தேழு.

வெளியே, படிக்கல்லில் செருப்பு தேய்க்கும் ஓசை கேட்டது. ஒருமுறை. இன்னொரு முறை.

அறுபத்துமூன்று வயதுப் பெண்மணியின் கால் அது என்று முனிகிருஷ்ணனுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஓசையில் வயது இல்லை; குரல் இல்லை; பதினாறு ஆண்டுகள் இல்லை. அவன் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. எவர் தட்டினாலும் எச்சில் கையோடு எழுந்து திறந்து பழகிய கை அது. அதனை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா" என்று கேட்டது.

தாய் தன்னை அப்படி அழைத்து அவன் கேட்டதில்லை. எந்தத் தாயும் மகனை அப்படி அழைப்பதில்லை. சீனு அழைப்பதுபோல் முதல் எழுத்தை நீட்டி, கடைசியை விழுங்கி அழைத்தாள். அவளுக்கும் அந்தக் குரல் மறக்கவில்லை. தன் பங்குக்கு அவளும் அதனைப் பதினாறு ஆண்டுகள் எங்கேயோ பொத்தி வைத்திருந்தாள்.

மூன்று நிமிடம் ஆயிற்று. அடுப்படியில் தாளிப்பு வெடித்தது. விஜி அவசரமாக அடுப்பை அணைத்தாள். ஐந்து நிமிடம். கதவின் அடிப்பலகைக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் தாயுடைய பாதங்களின் நிழல் தெரிந்தது. அது அசையவில்லை. உருளைகளை நூலிழை அளவில் அளப்பவனுக்கு ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது இப்போதுதான் தெரிந்தது. அன்று இருட்டில் அமர்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நேரம் ஓடியதாகத்தான் அவன் நினைவில் இருந்தது. அது உள்ளே இருந்தவனுடைய நேரம்.

"அண்ணா" என்று மறுபடியும் கேட்டது.

ஏழு நிமிடம். எட்டு. நிழல் சற்று முன்னே வந்தது. கதவில் நெற்றி சாய்ந்த ஓசை கேட்டது. அவள் வாய், பலகையின் மறுபக்கத்தில், தன் முகத்துக்கு நேராக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. மூன்றாவது அழைப்புக்காக அவன் காத்திருந்தான். அதைக் கேட்டால் தன்னால் நிற்க முடியாது என்றும் நினைத்தான். கேட்காவிட்டாலும் முடியாது என்றும் நினைத்தான்.

அந்த அழைப்பு வரவில்லை.

நிமிட முள் பதினொரு கோடு நகர்ந்து நான்கு முப்பத்தெட்டைத் தொட்டதும் அவன் தாழ்ப்பாளை இழுத்தான். அது வரவில்லை. விஜி ஓடிவந்து கை கொடுத்தாள். இருவரும் சேர்ந்து இழுத்துக் கதவைத் திறந்தார்கள்.

வள்ளியம்மா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நரைத்த தலையில் தூறல் மணி மணியாகத் தங்கியிருந்தது. நெற்றித் திருநீறு கரைந்து, கதவின் நீலத்தில் ஒரு வெளிறிய தடமாகப் பதிந்திருந்தது. அவள் உள்ளே வரவில்லை. மகனைப் பார்க்கவும் இல்லை. கதவையே பார்த்தாள்.

"வேற கலர் அடிச்சா அவனுக்குத் தெரியாதுன்னு, நீலத்தையே தேடித் தேடி வாங்கி அடிச்சேன்" என்றாள். "அவனுக்கு நல்லாத் தெரிஞ்சுதான் வந்திருக்கான். இதே வாசல்தான் அவனைப் போன்னு சொல்லியிருக்கு. இனிமே இங்க அவன் வரமாட்டான்டா."

முனிகிருஷ்ணன் அவள் காலருகே குனிந்தான். அவள் தன் காலை விலக்கிக்கொள்ளவில்லை; அவன் தலையைத் தொடவும் இல்லை. செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே ஒழுங்காக வைத்தாள். விஜி கொடுத்த துண்டை வாங்கித் தலையைத் துவட்டினாள்.

"டெம்போக்காரன நாளைக்கே வரச் சொல்லு, விஜி. என் டிரங்குப் பெட்டியையும் கட்டிடு." பிறகு மகனிடம் திரும்பாமலே சொன்னாள்: "அந்தத் தாள்ல ரெண்டுன்னு இருக்கறத மூணுன்னு மாத்திடு. வெங்கடசாமிகிட்டப் போய், ஆளக் கூப்பிட்டு இந்தக் கதவக் கழட்டிக்கச் சொல்லு."

அவள் அவர்களைக் கடந்து உள்ளே போனாள். சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி நான்கு நாற்பதைத் தாண்டியிருந்தது.